பனில மாட்டின கப்பல்ல எப்படி வாழ்ந்தாங்க?

பனில உறைஞ்சு நிக்கிற கப்பல்ல மாசக்கணக்கா என்னதான் பண்ணுவாங்கன்னு கேட்டிருக்கீங்க. நார்வே துருவ ஆய்வாளர் நான்சனோட ஃப்ராம் கப்பலைப் பாருங்க, 1893ல நார்வேல கிளம்பி செப்டம்பர்ல சைபீரியாவுக்கு வடக்கே வேணும்னே பனில சிக்கிக்கிச்சு, வெளிய வர 1896 ஆகஸ்ட் ஆயிடுச்சு, மொத்தம் 13 பேர்.

பழைய கப்பல்கள்ல பெரிய தொல்லை குளிர் இல்ல, ஈரம்தான். மூச்சுக்காத்தும் சமையல் ஆவியும் சுவர்ல படிஞ்சு உறைஞ்சு, கொஞ்சம் சூடானா படுக்கை மேல சொட்டும். அதனால ஃப்ராம்ல சுவருக்குள்ள கார்க், கம்பளி, கலைமான் முடின்னு அடுக்கடுக்கா அடைச்சாங்க. மேல்தளத்துல ஒரு காத்தாலை, காத்தடிச்சா டைனமோ சுத்தி லைட் எரியும், அந்த மாசக்கணக்கான இருட்டுல அது எவ்ளோ பெரிய விஷயம்!

வேலைன்னா முக்கியமா வானிலை பாக்குறதுதான், ராத்திரி பகல்னு இல்லாம சில மணி நேரத்துக்கு ஒருதடவை ஒருத்தர் வெளிய போய் அளவெடுக்கணும். மைனஸ் 39க்குக் கீழ போனா பாதரசமே கட்டியாயிடும், அப்புறம் ஆல்கஹால் தெர்மாமீட்டர்தான். பனி நெருக்குறப்ப இடி மாதிரி சத்தம், ஆனா அடிப்பக்கம் உருண்டையா கட்டினதால கப்பல் நசுங்காம வழுக்கி மேல ஏறிக்கும். மத்தபடி சீட்டாட்டம், படிப்பு, நல்ல சாப்பாடு. வைட்டமின் சி குறைஞ்சா வர்ற ஸ்கர்வி நோய் யாருக்கும் வரல.