அலாய் வீலில் புழு ஊர்ந்தது போல வெள்ளைக் கோடுகள்: மேலேயே பெயிண்ட் அடிக்கலாமா?

நண்பரே, தூத்துக்குடியில் ஓடும் வண்டி, ஆறு வருடம் ஆகிறது, அலாய் வீலின் கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் பூசும் நிறமற்ற பூச்சு) உரிந்து உள்ளே வெள்ளைக் கோடுகள், மேலேயே ஸ்ப்ரே அடித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். கல் பட்ட சின்னக் கீறல் வழியாக உப்பு ஈரம் இறங்கி, கிளியர் கோட்டுக்கு அடியில் அலுமினியத்தை அரித்தபடியே நகர்கிறது. அந்தக் கோடுகள் இந்த அரிப்பின் தடம். மேலே மூடினால் அடியில் அது பாட்டுக்கு நடக்கும்.

உரிந்த ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். நல்லதாகத் தெரியும் இடமும் அப்பளம் போலப் பெயர்ந்து வரும். பிடிப்பான இடம் வரைக்கும் எடுத்தாக வேண்டும். 180 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தொடங்கி 400 நம்பர் வரை தேயுங்கள்; வெள்ளைப் பொடி ஒரு புள்ளிகூட மிஞ்சக் கூடாது. இரும்பு பிரஷ் மட்டும் வேண்டாம், அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து புது அரிப்பைக் கிளப்பும். நன்றாகக் கழுவிக் காயவைத்து, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, அன்றே எபாக்ஸி பிரைமர் (உலோகத்தில் ஒட்டிப் பிடிக்கும் அடிப்பூச்சு) அடியுங்கள். அப்புறம் நிறம், கிளியர் கோட்.

முகப்பு லேத்தில் கடைந்த பளபளப்பு வகை என்றால், நான் சில்வர் பெயிண்டுக்கே போவேன். ஒவ்வொரு முறை கடையும்போதும் உலோகம் குறைகிறது. கடலோரத்தில் அந்தப் பளபளப்பு நிலைப்பதும் கடினம்.

போல்ட் உட்காரும் குழியிலும், வீல் ஹப்போடு (வண்டியில் வீலை மாட்டும் நடுப்பகுதி) ஒட்டும் பின்பக்கத்திலும் பெயிண்ட் படவே கூடாது. படிந்தால் நாளடைவில் போல்ட் தளரும். மாட்டி ஓர் 80 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) போல்ட் இறுக்கத்தை மறுபடி பாருங்கள்.