மக்களும் தொழிற்சாலைகளும் பெருகும் பகுதிக்குக் குடிநீரை எப்படித் திட்டமிடுவது?

மொத்தத் தேவை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், யாருக்கு எந்தத் தரத்தில் தண்ணீர் வேண்டும் என்று கேட்க வேண்டும். சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சேர்ந்து சுமார் 11 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) கொள்ளும். ஆனால் அவை நிரம்புவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில்தான். 2019 கோடையில் அவை வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஏரிகள் எத்தனை இருந்தாலும், எல்லாம் ஒரே மழையை நம்பியிருந்தால் அது ஒரே ஆதாரம்தான்.

மழையை நம்பாத ஆதாரம் ஒன்று கட்டாயம் வேண்டும். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களைக் கட்டியது அதற்காகத்தான். அதற்கு மின்செலவு அதிகம். அந்த நீரைத் தொழிற்சாலைக் கொதிகலனுக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் பெரிதும் மதிப்பது கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்களை. கழிவுநீரைச் சுத்திகரித்து, எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறையில் மேலும் தூய்மையாக்கி ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றின் திறனும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர். தலைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் ஒரு நிலையம் ஏறத்தாழ 3.3 லட்சம் பேரின் குடிநீரை மிச்சப்படுத்த முடியும். ஊர் வளர வளரக் கழிவுநீரும் வளரும். எந்தக் கோடையிலும் அது முழுதாக வற்றாது.

புதிய தொழிற்பேட்டைக்கு நிலம் ஒதுக்கும்போதே சுத்திகரித்த நீரைக் கொண்டுவரும் குழாயையும் வரைபடத்தில் சேர்த்துவிட வேண்டும். பிறகு சாலையைத் தோண்டிப் பதிப்பது பெரும் செலவு.