சினிமா முதியவர்களைச் சரியாகக் காட்டுகிறதா?

பெரும்பாலும் இல்லை என்பதுதான் என் பதில். முதியவர்கள் திரையில் குறைவாக வருகிறார்கள் என்று பலரும் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. வருகிறபோதும் யாரோ ஒருவருடைய அப்பாவாக, அம்மாவாக, தாத்தாவாக மட்டுமே வருகிறார்கள். கதை பிள்ளையுடையது, கேமராவும் பிள்ளை நிற்கிற இடத்தில்தான் நிற்கிறது. பிள்ளை திருந்துவதற்காக அப்பா அழுவார், பேரன் வீறுகொண்டு எழுவதற்காகத் தாத்தா இடைவேளைக்கு முன்னால் செத்துப்போவார்.

இதை எனக்குப் புரிய வைத்தது என் அம்மா. அவருக்கு இப்போது 76 வயது. ஒருநாள் டிவியில் ஏதோ ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தோம். மகன் கிளம்பிப் போன பிறகு வயதான தாய் வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள், பின்னணியில் வயலின் இழைகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா சாதாரணமாகக் கேட்டார், "ஏன்டா, அவன் போனப்புறம் இந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லையா?"

கேட்டுவிட்டு எழுந்தார். அன்றைக்குத்தான் அவர் எழுவதை ஒழுங்காகக் கவனித்தேன். முதலில் நாற்காலியின் நுனிக்கு நகர்கிறார். இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு, கைப்பிடியில் ஊன்றி எழுந்து, உடனே நடக்காமல் இரண்டு மூச்சு நேரம் அப்படியே நிற்கிறார். தலை சுற்றவில்லை என்று தெரிந்ததும் அப்புறம்தான் முதல் அடி. அதில் பரிதாபப்பட ஒன்றுமே இல்லை, பழகிப் பழகித் தேர்ந்த ஒரு வேலை அது. திரையில் முதுமை என்றால் கை நடுங்கும், முதுகு வளையும், நாலு வார்த்தைக்கு ஒரு இருமல் வரும். இந்த இரண்டு மூச்சு நேரத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யில் (1953) பார்த்திருக்கிறேன். பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வந்த வயதான தம்பதியை, வைத்துக்கொள்ளத் தோதில்லாமல், பிள்ளைகள் ஒரு கடற்கரை விடுதிக்கு அனுப்பி வைக்கிறார்கள். அங்கே கடலோரச் சுவரில் இருவரும் உட்கார்ந்து பேசிவிட்டு எழும்போது அந்த அம்மாள் லேசாகத் தடுமாறி உட்கார்ந்துவிடுகிறார். பெரிய இசை எதுவும் எழும்பி நம்மை அழச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து கணவர் பின்னாலேயே நடக்கிறார். படம் முடியும்போது அந்தத் தடுமாற்றம் எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் படத்தில் எழுபது வயது அப்பாவாக நடித்த சிஷூ ரியூவுக்கு அப்போது வயது 49. 'சாரான்ஷ்' (1984) என்ற இந்திப் படத்தில் மகனை இழந்த ஓய்வுபெற்ற ஆசிரியராக நடித்த அனுபம் கேருக்கு 30கூட ஆகவில்லை. நம் பக்கம் வந்தால், 'வியட்நாம் வீடு' வெளியானபோது சிவாஜிக்கு 41, 'இந்தியன்' வந்தபோது கமலுக்கும் 41. அதனால் இளையவர்கள் முதியவர்களாக நடிப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ரியூவைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்லவே முடியாது. ஒரு முதியவர் எழுவதை, உட்காருவதை, பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு வேறு எதையோ யோசிப்பதை யாராவது பொறுமையாகப் பார்த்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. பார்க்காதவர்கள் எவ்வளவு மேக்கப் போட்டாலும் ஒன்றும் ஆகாது.

பெண்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தில் ஸ்ரீவித்யாவின் கணவராக வந்தவர் ரஜினி. 1991இல் 'தளபதி'யில் அதே ஸ்ரீவித்யா ரஜினிக்கு அம்மா. நிஜத்தில் அவர் ரஜினியைவிட இரண்டரை வயது இளையவர். 'தளபதி'யில் அவர் நடித்த விதத்தில் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அந்தக் கண்கள் பேசுவதை இன்னும் மறக்க முடியவில்லை. ஆனால் நாற்பதைத் தொடாத ஒரு பெண் அம்மாவாகிவிடுகிறாள், அவளைவிட மூத்த ஆண் இன்னும் நாயகனாகவே இருக்கிறான் என்றால், வயது என்பது யாருக்கு மட்டும் ஏறுகிறது? இப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஐம்பது வயதுப் பெண்ணுக்கு ஓர் ஆசை இருக்கும், கோபம் இருக்கும், தனக்கென்று ஒரு திட்டம் இருக்கும் என்பதே விநோதமாகப் படும். அறுபதுக்கு மேல் காதல் என்றால் கேட்கவே வேண்டாம், அதைக் காமெடி டிராக்கில் தள்ளிவிடுவார்கள். 'ப. பாண்டி' (2017) மாதிரி அதைக் கேலி செய்யாமல் எடுத்த படங்கள் அபூர்வம்.

சரி, நன்றாகச் செய்தவர்கள் யார்? பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) உடனே நினைவுக்கு வரும். பேத்தி கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகக் கிளம்பிப் போவார். தாத்தாவாக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர். இன்னும் பூச்சு வேலை முடியாத சுவரைத் தடவிக்கொண்டே அறை அறையாக நடப்பார், வசனம் கிடையாது, இளையராஜாவின் இசை மட்டும். அந்தச் சில நிமிடங்களுக்கு அது பேத்தியின் கதை இல்லை, முழுக்க அவருடைய கதை. அவர் விரல் போகிற இடத்துக்கு நாமும் போகிறோம்.

இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் 'உம்பெர்த்தோ டி' (1952) இன்னொன்று. நாயகனாக நடித்தவர் நடிகரே இல்லை, எழுபதை ஒட்டிய வயதில் இருந்த மொழியியல் பேராசிரியர். ஓய்வூதியம் போதாமல் வாடகை கட்ட முடியாத நிலையில், தெருவில் நின்று கையேந்திப் பார்க்கிறார். ஒருவர் காசு எடுக்கப் போகிற அந்த நொடியில், மழை தூறுகிறதா என்று பார்ப்பவர்போலக் கையைச் சட்டென்று திருப்பிவிடுகிறார். வறுமையைக் காட்ட எத்தனையோ வழி இருக்கிறது, ஆனால் ஒரு மனிதன் எழுபது வருடம் கட்டிக் காத்த மானத்தை ஒரு உள்ளங்கையில் காட்டியதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மறதி நோயைப் பற்றிய படங்களிலும் இதே வித்தியாசம்தான். வழக்கமாக அப்பா மகளையே மறந்துவிடுவார், நாம் மகளோடு சேர்ந்து அழுவோம். 'தி ஃபாதர்' (2020) அதை அப்படியே திருப்பிப் போட்டது. வீட்டில் பொருட்கள் சொல்லாமல் கொள்ளாமல் மாறிக்கொண்டே இருக்கும், மகளாக ஒரு காட்சியில் ஒருவர் வருவார், இன்னொரு காட்சியில் வேறொருவர் வந்து நான்தான் மகள் என்பார். குழம்புவது நாம். பாதிப் படத்திலேயே, அந்த மனிதர் ஏன் இப்படிக் கத்துகிறார் என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன், அவர் இடத்தில் யார் இருந்தாலும் கத்தத்தான் செய்வார்கள். அதில் நடித்ததற்காக ஆன்டனி ஹாப்கின்ஸ் 83 வயதில் ஆஸ்கர் வாங்கினார், சிறந்த நடிகர் விருதை அந்த வயதில் அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை. எண்பது தாண்டியவரை நம்பி முழுப் படத்தையும் கொடுக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நம்மிடம் 'கடைசி விவசாயி' (2022) இருக்கிறது. மணிகண்டன் அதில் ஒரு நிஜ கிராமத்துப் பெரியவரான நல்லாண்டியை நடிக்க வைத்தார். படம் வெளிவரும்போது அவர் உயிரோடு இல்லை. அந்தப் படத்தில் அவர் எந்தப் பிள்ளைக்காகவும் ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். பொய் வழக்கில் பிடித்து உள்ளே வைத்த பிறகும் அவர் கவலையெல்லாம் பயிருக்குத் தண்ணீர் விட ஆள் இல்லையே என்பதுதான்.

அம்மாவோடு சேர்ந்துதான் அதைப் பார்த்தேன். வழக்கமாக நடுவில் நாலு முறை எழுந்து போகிறவர், கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அழவில்லை, பெரிதாக ஒன்றும் பேசவும் இல்லை. முடிந்ததும், "இவரு நிஜமாவே காட்டு வேலை செஞ்சவருதானே? கையைப் பார்த்தாலே தெரியுது" என்றார். அப்புறம் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.