ஒன்பது அலை பிடித்தும் தோற்றது ஏன்?

அலைச்சறுக்குப் போட்டியில், 20 நிமிட ஹீட்டில் (ஒரு சுற்று ஆட்டத்தில்) ஒன்பது அலை பிடித்தும், மூன்றே அலை பிடித்தவரிடம் தோற்றேன், பதற்றம்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதற்றம் இருக்கட்டும், முதலில் கணக்கைப் பாருங்கள். ஒவ்வோர் அலைக்கும் 10-க்கு இவ்வளவு என்று புள்ளி, அதில் சிறந்த இரண்டு அலைகளின் புள்ளி மட்டுமே சேரும். மற்ற ஏழும் கை வலித்ததோடு சரி.

இன்னொன்று, செட்டின் (அடுத்தடுத்து வரும் பெரிய அலைக் கூட்டத்தின்) முதல் அலையில் பாய்ந்தால், பின்னால் வரும் நல்ல அலைகள் உங்கள் தலைமேல் உடையும். முன்னுரிமை விதி இருக்கும் ஹீட் என்றால், அலையை முதலில் தேர்ந்தெடுக்கும் அந்த உரிமையும் எதிராளிக்குக் கைமாறிவிடும். உங்களை வென்றவர் அந்தப் பின் அலைகளுக்காகத்தான் காத்து உட்கார்ந்திருந்திருப்பார்.

முதல் ஐந்து நிமிடத்தில் விழாமல் முடிக்கக்கூடிய ஓர் அலை எடுங்கள். அப்புறம் காத்திருங்கள். ஜெயிக்க எத்தனை புள்ளி வேண்டும் என்று கரையிலிருந்து ஒரு நண்பரைக் கைகாட்டச் சொல்லுங்கள். 3.2 போதும் என்பது தெரியாமல் பெரிய திருப்பத்துக்குப் போய் விழுந்தவன் நான்!

பதற்றத்துக்கு பிரேசில் அலைச்சறுக்கு வீரர் இத்தாலோ ஃபெரேராவைப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் முதல் அலையிலேயே பலகை உடைந்தது. வேறு பலகை வாங்கிக்கொண்டு போய்த் தங்கம் வென்றார். மாற்றுப் பலகை கரையில் தயாராக இருந்ததா இல்லையா? உங்களுடையது இருக்கிறதா?