பெண்கள் நடந்துபோகிற படம்

வணக்கம் சார்,

எழுபதுகளின் அமெரிக்க சினிமா பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். போன வாரம் ஹாஸ்டலில் ஆறு பேர் சேர்ந்து ஜான் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ பார்த்தோம். எல்லாரும் ஆகா ஓகோ என்கிற படம். ஆனால் பாதிப் படம் வரை மூன்று பெண்கள் தெருவில் நடக்கிறார்கள், போனில் பேசுகிறார்கள், காரில் போகிறார்கள், அவ்வளவுதான். எங்களில் ஒருத்தி தூங்கியே போய்விட்டாள். அடுத்த நாள் ‘கேரி’ பார்த்தோம். அதுவும் கடைசிப் பகுதியை எடுத்துவிட்டால் ஒரு பள்ளிக்கூடக் கதைதான். டீன்ஏஜ் ரசிகர்களை இழுப்பதற்காகத் திகில் படங்களில் இதையெல்லாம் சேர்த்தார்களா? இன்னொரு கேள்வி: காதலனோடு இருக்கிற பெண் சாகிறாள், அடக்கமானவள் பிழைக்கிறாள். பாட்டி சொல்லும் புத்திமதிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

தூங்கிப்போன தோழியைக் குறை சொல்ல மாட்டேன். பேய் வரும் என்று சொல்லி உட்காரவைத்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

ரசிகர்களை இழுக்கத்தான், சந்தேகமே இல்லை. திறந்தவெளித் திரையரங்குகளில் காரை நிறுத்திப் படம் பார்த்த அமெரிக்கப் பையன்களையும் பெண்களையும் நம்பி 1957-லேயே, பள்ளிக்கூடப் பையன் ஒருவன் ஓநாயாக மாறுகிற படமெல்லாம் வந்துவிட்டது. ‘ஹாலோவீன்’ படமும் பிறந்த இடம் கணக்குப் புத்தகம்தான். தயாரிப்புத் தரப்பிலிருந்து இர்வின் யாப்லன்ஸ் கொடுத்த யோசனை, பேபிசிட்டர் பெண்களைக் கொல்கிற ஒருவன். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு சில்லறை சம்பாதிக்காத பெண் அங்கே அபூர்வம் என்பதால் எல்லாருக்கும் உறைக்கும் என்பது கணக்கு. சுமார் 3 லட்சம் டாலரில், கலிஃபோர்னியாவின் வசந்த காலத்தில், காகித இலைகளுக்குப் பெயின்ட் அடித்துத் தெருவில் கொட்டி, ஒரு காட்சி முடிந்ததும் அதையே பொறுக்கி அடுத்ததற்கு மறுபடி கொட்டி, ஒரு அக்டோபர் மாதத்தை உண்டாக்கி எடுத்த படம் அது. கவனித்துப் பார்த்தால் சில இடங்களில் பனைவகை மரங்கள் தெரியும்.

ஆனால் ‘சேர்த்தார்கள்’ என்கிறீர்களே, அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. குழம்பில் உப்புச் சேர்க்கிற மாதிரி நடந்த விஷயம் இல்லை இது. கூடப் படிப்பவர்கள் கேலி செய்கிற கேரி என்கிற பள்ளிப் பெண்ணின் கதை, ‘கேரி’யை எடுத்துக்கொள்வோம்.

நான் அதை முதலில் பார்த்தது வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில். நடுவில் ஒரு காட்சி வருகிறது, ப்ராம் என்கிற வருடக் கடைசி நடன விருந்துக்குப் பையன்கள் கோட்டு சூட்டு போட்டுப் பார்க்கிறார்கள், அப்போது அவர்கள் பேச்சு திடீரென்று எலிக்குரல் மாதிரி வேகமாக ஓடுகிறது. டேப் சிக்கிவிட்டது என்று நினைத்து எழுந்துபோய் வி.சி.ஆரைத் தட்டினேன். சிக்கவில்லை. இயக்குநர் பிரையன் டி பால்மா வேண்டுமென்றே வைத்த விளையாட்டு அது. கேரி வீட்டில் தன் கையால் தைத்த உடையோடு ப்ராமுக்குப் போக அம்மாவிடம் மன்றாடப் போகிறாள், அவள்மேல் கவிழ்க்க மேடைக்கு மேலே பன்றி ரத்தம் வாளியில் தொங்கப் போகிறது, இதற்கு நடுவில் ஒரு முழுநீள அசட்டு காமெடி. திகில் பட இயக்குநர் கை தவறி வைத்ததாக அதை ஒதுக்கிவிட முடியாது. படத்தின் முக்கால்வாசி உண்மையிலேயே டீன்ஏஜ் படம். அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்ல சாயங்காலம் கிடைத்துவிடாதா என்று நாமும் ஏங்க ஆரம்பித்துவிடுகிறோம். அந்த ஏக்கம் இல்லாவிட்டால் வாளி கவிழும்போது அது வெறும் வாளி.

இதில் ஒரு வேடிக்கை. ‘கேரி’க்கான நடிகர் தேர்வை டி பால்மா தனியாக நடத்தவில்லை, நண்பர் ஜார்ஜ் லூகாஸோடு சேர்ந்து நடத்தினார். லூகாஸ் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார், அதற்கு முன்னால் 1973-ல் அவர் எடுத்தது ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’, ஒரே இரவில் கார்களில் சுற்றுகிற பையன்களின் கதை. ‘ஸ்டார் வார்ஸ்’ நாயகன் லூக் ஸ்கைவாக்கர் பாத்திரத்துக்கும் வசனம் படித்துக் காட்டிய வில்லியம் கேட்தான் கடைசியில் கேரியை ப்ராமுக்கு அழைத்துப்போகிற டாமி. திகில் படத்து ஆள், டீன்ஏஜ் படத்து ஆள் என்று தனித்தனி வரிசை அங்கே இருக்கவில்லை.

சரி, எங்கே ஒட்டுகின்றன இரண்டும்? என் கணக்கில், எட்டிப் பார்க்கிற இடத்தில்.

‘கேரி’யின் தொடக்கத்தில் வாலிபால் ஆட்டம் முடிந்து பெண்கள் குளிக்கிற அறைக்குள் கேமரா மெதுவாக மிதந்து போகிறது. ஆவி, சிரிப்பு, இனிமையான இசை. சுவரில் துளை போட்டுப் பார்க்கிற பையனின் கனவு அது. அப்புறம் ரத்தம். முதல் மாதவிடாய் என்றால் என்னவென்றே யாரும் சொல்லித்தராத ஒரு பெண் சாகப்போகிறோம் என்று பயந்து கதறுகிறாள், மற்றவர்கள் சானிட்டரி நாப்கின்களை அவள்மேல் வீசிச் சிரிக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த நமக்குச் சங்கடமாகிறது, ஆகவேண்டும் என்றுதான் அப்படி எடுத்திருக்கிறார். ஸ்டீபன் கிங்கின் நாவலில் யூவன் என்றிருந்த பள்ளியின் பெயரைப் படத்தில் பேட்ஸ் என்று மாற்றினார்கள். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் சுவர்த் துளை வழியாகப் பெண்ணைப் பார்ப்பானே, அந்த நார்மன் பேட்ஸ்தான். அவன் எட்டிப் பார்த்தது ஜேனட் லீ நடித்த பெண்ணை. ஜேனட் லீயின் மகள் ஜேமி லீ கர்டிஸ்தான் ‘ஹாலோவீன்’ நாயகி லோரி. அந்தப் படத்தின் முதல் காட்சியும், ஜன்னல் வழியாக அக்காவையும் அவள் காதலனையும் பார்க்கிற ஒருவனின் கண்தானே?

பாப் கிளார்க் என்று ஒருவர். 1974-ல் கனடாவில் ‘பிளாக் கிறிஸ்மஸ்’ எடுத்தார். கல்லூரிப் பெண்கள் தங்கியிருக்கிற வீட்டை வெளியிலிருந்து நோட்டம் விட்டபடி ஏறி உள்ளே நுழைகிறவன், அவன் மூச்சு நமக்குக் கேட்கிறது, அவன் கண்தான் கேமரா. சில வருடங்கள் கழித்து அதே பாப் கிளார்க் ‘போர்க்கீஸ்’ எடுத்தார். பெண்கள் குளிக்கிற அறையைப் பையன்கள் துளை வழியாகப் பார்க்கிற காட்சிக்காகவே பேர்போன காமெடி, வசூல் பின்னியெடுத்தது. ஒரே இயக்குநர், கேமரா நிற்கிற இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். துளைக்கு இந்தப் பக்கம் நான்கு பையன்கள் தள்ளுமுள்ளு செய்தால் காமெடி, மூச்சுவிட்டுக்கொண்டு ஒருவன் மட்டும் நின்றால் திகில். குளிக்கிற பெண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, அவளுக்கு இரண்டும் சுவர்தான்.

இப்போது ‘ஹாலோவீன்’ பெண்கள் ஏன் நடந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். திரைக்கதையைக் கார்ப்பென்டரோடு சேர்ந்து எழுதியவர் டெப்ரா ஹில். அந்தப் பெண்களின் பேச்சு பெரும்பாலும் அவர் எழுதியது, ஊரின் பெயரான ஹாடன்ஃபீல்டுகூட நியூ ஜெர்சியில் அவர் வளர்ந்த ஊரின் பெயர். பாடப் புத்தகத்தை மறந்தது, யார் யாரோடு நடனத்துக்குப் போவது, சிகரெட், வார்த்தைக்கு வார்த்தை ‘டோட்டலி’ என்கிற ஒருத்தி, இதையெல்லாம் கதையை நகர்த்தாத அரட்டை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் இப்படி நடந்துபோகிற பெண்களை யாராவது பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். வேலிக்குப் பின்னால் ஒருவன் நிற்பதை லோரி காட்டும்போது தோழி அதைக் கிண்டலாக்கி ஊதிவிடுகிறாள், அது அசட்டுத்தனமில்லை, அவள் தினமும் செய்கிறதுதான். உங்கள் ஹாஸ்டல் வாசலில் பைக்கோடு நிற்கிறவர்களை நீங்கள் எல்லோரும் எப்படிக் கடந்து போகிறீர்களோ, அப்படி.

பெரியவர்களையும் கவனியுங்கள். ஊர்ப் போலீஸ் தலைவரான ஷெரீஃப் அந்தத் தோழிகளில் ஒருத்தியின் அப்பா, ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் லோரி பக்கத்து வீட்டுக் கதவை இடித்து அலறுகிறாள், வாசல் விளக்கு எரிகிறது, யாரோ பார்க்கிறார்கள், விளக்கை அணைத்துவிடுகிறார்கள். அப்பா அம்மா இல்லாத ராத்திரிதான் டீன்ஏஜ் படங்களின் சொர்க்கம், அதே ராத்திரிதான் இதுவும். படம் முழுக்க எனக்கு உண்மையில் வயிற்றைக் கலக்கியது கொலைகாரனின் முகமூடி இல்லை, அந்த விளக்கு அணைகிற இடம்.

பாட்டி புத்திமதி விஷயம். கார்ப்பென்டர் அப்படி ஒரு நோக்கமே இல்லை என்று பலமுறை மறுத்துவிட்டார், அதை நம்பலாமா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். படத்தைப் பார்த்தால், லோரியும் காரில் தோழியோடு கஞ்சா புகைக்கிறாள், அவளுக்கும் ஒரு பையன்மேல் ஆசை இருக்கிறது. மற்றவர்கள் காதலனைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது அவள் தெருவைக் கவனிக்கிறாள், அதனால் தப்பிக்கிறாள். இன்னும் நான்கு வருடம் பின்னால் போய் ‘பிளாக் கிறிஸ்மஸ்’ பாருங்கள். முதலில் சாகிறவள்தான் அந்த வீட்டிலேயே அடக்கமானவள் என்று பெயரெடுத்தவள். கடைசிவரை நிற்கிற ஜெஸ் கர்ப்பிணி, கருவைக் கலைத்துவிடப் போகிறேன் என்று காதலனின் முகத்துக்கு நேராகச் சொல்கிறவள். ஆக எழுபதுகளில் அந்த விதி இன்னும் எழுதப்படவில்லை. 1980-க்கு அப்புறம் ‘ஹாலோவீன்’ வசூலைப் பார்த்து வரிசையாக நகலெடுத்தவர்கள் லோரியிடமிருந்து எளிதாக எடுத்துக்கொள்ள முடிந்தது அவள் கன்னித்தன்மையை மட்டும்தான், அதை விதியாக்கிவிட்டார்கள். கோபத்தை அவர்களிடம் காட்டுங்கள்.

அடுத்து என்ன பார்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கேரியில் ரத்தவாளி விழும்போது மேடைக்கு அடியில் ஒளிந்திருக்கிற ஜான் டிரவோல்டா, இரண்டு வருடத்தில் ‘கிரீஸ்’ படத்தில் இன்னொரு பள்ளி ஜிம்மின் நடுவில் ஆடிக்கொண்டிருப்பார், அதைப் பார்க்கலாம். ஆனால் எனக்குப் பிடித்தது பி.ஜே. சோல்ஸ் பாதை. ‘கேரி’யில் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு கேரியைப் பார்த்துச் சிரிக்கிற பெண், ப்ராம் நடக்கிற பள்ளி ஜிம்முக்குள்ளேயே சாகிறார். ‘ஹாலோவீன்’ படத்தில் ‘டோட்டலி’ சொல்கிற பெண்ணும் அவர்தான், போன் வயரால் கழுத்து நெரிபட்டுச் சாகிறார். மூன்றாவதாக 1979-ல் ‘ராக் அன்ட் ரோல் ஹைஸ்கூல்’. ராமோன்ஸ் இசைக்குழுமேல் பைத்தியமாக இருக்கிற மாணவி, பாட்டுக் கேட்டாலே குற்றம் என்கிற தலைமை ஆசிரியை, கடைசியில் பள்ளிக்கூடமே வெடித்துச் சிதறுகிறது, சோல்ஸ் வெளியே நின்று ஆடிக்கொண்டிருக்கிறார். இந்த வரிசையிலேயே பாருங்கள். மூன்றாவது படத்துக்கு மட்டும் அந்தத் தோழியை எழுப்பிவிட்டுவிடுங்கள்.