ராஜினாமா எதற்கு? மூன்று வரி போதும்

கேள்வி: ஓர் ஏஜென்சி மூலம், சிங்கப்பூரில் துவாஸில் உள்ள நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை ஒப்பந்த வேலை. மேலாளர், "எக்ஸ்டெண்ட் செய்துவிடலாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஜனவரியில் வேறு நிரந்தர வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. ராஜினாமா கடிதத்தை எப்போது கொடுப்பது? உப்பிட்டவரை விட்டுப் போகிறோமே என்றும் உறுத்துகிறது.
— வாசகி, ஈசூன்

பதில்: உறுத்தலை முதலில் தள்ளி வையுங்கள். ஆறு மாதம் என்று எழுதியது அவர்கள். வேலை குறைந்திருந்தால் டிசம்பர் 31 அன்று கைகுலுக்கி அனுப்பியிருப்பார்கள், உங்களுக்கும் அது தெரியும். உப்புக்கு உழைப்பு கொடுத்தாகிவிட்டது.

ராஜினாமா கடிதம் மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கால ஒப்பந்தம் அதன் தேதியில் தானாக முடிகிறது. அதற்கு யாரும் நோட்டீஸ் கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்லப்போவது "விலகுகிறேன்" அல்ல, "புதுப்பிக்கவில்லை". இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தால் கணக்கைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் ஒரு மாத நோட்டீஸ் என்றிருக்க, நவம்பர் 20 அன்று "ரிசைன் செய்கிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்புகிறீர்கள். நோட்டீஸ் கொடுத்த நாளும் கணக்கில் சேரும். ஆக உங்கள் கடைசி நாள் டிசம்பர் 19. மிச்சம் 12 நாள் சம்பளம் போச்சு. ஒப்பந்தத்தை முழுதாக முடித்தால்தான் போனஸ் என்ற ஷரத்து இருந்தால் அதுவும் போச்சு. எச்.ஆரில் இருப்பவர் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை. வந்த தாளுக்கு ஏற்ற நடைமுறையைத் தொடங்குவார், அவ்வளவுதான்.

இப்படி எழுதுங்கள்: "என் ஒப்பந்தம் டிசம்பர் 31ஆம் தேதி முடிகிறது. அதன்பின் புதுப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. என் கடைசி வேலைநாள் டிசம்பர் 31." ஆங்கிலத்தில் எழுதினாலும் மூன்று வரிதான். காரணம் வேண்டாம், புது நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள்; மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலைச் சொந்த முகவரிக்கும் அனுப்பிக்கொள்ளுங்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது? யார் உங்கள் மத்திய சேம நிதிச் சந்தாவைக் கட்டுகிறார்களோ அவர்தான் முதலாளி. அது ஏஜென்சி என்றால் கடிதம் ஏஜென்சிக்கு. துவாஸ் மேலாளரிடம் அதே நாளில் நேரில் சொல்லுங்கள், அது மரியாதை. அவரிடம் மட்டும் சொன்னால் சொன்னதாகவே கணக்கில்லை.

எப்போது? புது வேலையின் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்த பிறகு. "கிடைக்கும்போல் இருக்கிறது" என்பது கையெழுத்து அல்ல. ஒரு மாதம் முன்னதாகச் சொன்னால் அவர்களும் ஆள் தேட முடியும். அதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்து, புதுப்பிக்கும் ஷரத்தை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். "30 நாள் முன்பு தெரிவிக்காவிட்டால் தானாக நீடிக்கும்" என்றிருந்தால் அந்தத் தேதிதான் உங்கள் கெடு. அப்படி எதுவும் இல்லாமல், புதுத் தாளில் கையெழுத்தும் போடாமல் ஜனவரியில் வேலைக்குப் போய் உட்கார்ந்தீர்களானால், ஒப்பந்தம் தொடர்கிறது என்று வாதிட இடம் கொடுத்துவிடுவீர்கள்.

புது இடத்தில் டிசம்பரிலேயே வரச் சொன்னால் கதை வேறு. அப்போது அது ராஜினாமாதான், ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் பொருந்தும். ஒப்பந்தம் அதுபற்றிப் பேசாவிட்டால் வேலை நியமனச் சட்டத்தின் கணக்கு: 26 வாரத்துக்குக் குறைந்த சேவைக்கு 1 நாள், 26 வாரம் முதல் 2 ஆண்டுக்குள் 1 வாரம். 26 வாரம் என்றால் 182 நாள். உங்கள் ஆறு மாதம் முழுதாக 184 நாள், அதைத் தாண்டும். ஆனால் டிசம்பர் நடுவிலேயே விலகினால் தாண்டாது, 1 நாள்தான். ஜனவரி முதல் ஜூன் வரை என்றால் சாதாரண ஆண்டில் 181 நாள், தாண்டாது. சட்டத்துக்கு மாதம் தெரியாது!

விடுப்பையும் விட்டுவிடாதீர்கள். முதல் ஆண்டுக்குச் சட்டப்படி குறைந்தது 7 நாள். ஆறு மாதத்துக்கு மூன்றரை. அரை நாளை முழு நாளாக்குவதால் 4. கடைசி வாரத்தில் எடுக்கலாம், ஆனால் டிசம்பர் 31 வரை நீங்கள் அவர்கள் ஊழியர்தான். அவர்கள் சம்மதமில்லாமல் அந்த நாட்களில் புது வேலையைத் தொடங்கக்கூடாது.

வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டினர் இன்னும் முன்கூட்டியே சொல்வது நல்லது. முதலாளி ஐஆர்21 என்ற வரித் தீர்வுப் படிவத்தை வேலை முடிய ஒரு மாதம் முன்பே வரித்துறைக்கு அனுப்பவேண்டும். வரி தீரும்வரை தரவேண்டிய பணத்தையும் நிறுத்திவைக்கவேண்டும். குடிமக்களுக்கு இது இல்லை.

ஒப்பந்தம் முடியும் நாளிலேயே பாக்கிச் சம்பளம் முழுவதும் வரவேண்டும் என்பது சட்டம். வராவிட்டால் 6 மாதத்துக்குள் புகார் செய்யலாம். ஆனால் ஏஜென்சி வேலையில் தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் சட்டமீறலே அல்ல, வேலை நேரத்தைப் பதியும் டைம்ஷீட். கடைசி வாரத் தாளில் மேலாளர் கையெழுத்திட்டால்தான் ஏஜென்சி பணத்தை விடும். அவரோ கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குடும்பத்தோடு பறந்திருப்பார். டிசம்பர் 20 வாக்கிலேயே, அவர் இல்லாதபோது யார் கையெழுத்திடுவார் என்று கேட்டு, அந்தப் பெயரை ஏஜென்சிக்கு எழுதிவிடுங்கள்.