சமையல் மேடைக்கு எந்தக் கல்?

கேள்வி: அடுப்பு ஓயாத வீடு. பிள்ளைகள் பாத்திரத்தை டங்கென்று வைப்பார்கள். மேடைக்குக் கிரானைட் போடலாமா, குவார்ட்ஸ் போடலாமா?

பதில்: வாணலியை இறக்கி நேரே மேடையில் வைக்கிற வீடென்றால் கிரானைட். யோசிக்கவே வேண்டாம். குவார்ட்ஸ் என்று கடையில் விற்பது மலையில் வெட்டிய கல் அல்ல. குவார்ட்ஸ் துகளோடு பிசின் கலந்து அழுத்தி வார்த்த பலகை. துகள் சூட்டைத் தாங்கும், பிசின் தாங்காது. சுமார் 150 டிகிரிக்கு மேல் பிசின் கருகத் தொடங்கும். எண்ணெய் காய்ந்த வாணலியின் அடி அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். வெளுத்தோ மஞ்சளாகவோ விழும் அந்த வட்டம் பாலிஷ் போட்டாலும் முழுதாகப் போகாது. பாத்திரத்துக்கு அடியில் பிரிமனை வைக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருந்தால் குவார்ட்ஸ் அருமையானது: கறை எளிதில் ஊறாது, சீலர் (கல்லுக்குள் கறை ஊறாமலிருக்க அடிக்கும் பூச்சு) தேவையில்லை. வெயில் நேரடியாக விழும் ஜன்னலோரத்தில் மட்டும் வேண்டாம், மஞ்சளித்துவிடும்.

கிரானைட்டிலும் எல்லாம் ஒன்றல்ல. முன்பணம் கொடுக்குமுன், நீங்கள் எடுக்கப்போகும் அதே பலகையில் வெட்டிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதன்மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு 15 நிமிடம் கழித்துத் துடையுங்கள். துடைத்த இடம் கருத்திருந்தால் கல் தண்ணீர் குடிக்கிறது, எண்ணெயையும் குடிக்கும். அதற்குச் சீலர் அடித்தே ஆக வேண்டும், பிறகும் இதே சோதனையில் கருக்கும்போதெல்லாம் மறுபடி அடிக்க வேண்டும். அடுத்து எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு. அந்த இடம் பளபளப்பு மங்கினால் கல்லில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பெயர் எதுவானாலும் அது மேடைக்கு ஆகாது. கறுப்பு நிறக் கல்லென்றால் வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டுத் தேயுங்கள். துணியில் கறுப்பு ஏறினால் அது சாயம் ஏற்றிய கல், நாளடைவில் திட்டுத் திட்டாக வெளிறும்.

கேள்வி: சிங்க் மூலையிலிருந்து விரிசல் ஓடுகிறது. கல் மட்டமானதா?

பதில்: பெரும்பாலும் கல்மேல் பழியில்லை, வெட்டியதில்தான் கோளாறு. சிங்க் துளையின் மூலையைச் செங்கோணமாக வெட்டினால் பாரமெல்லாம் அந்த முனையில் குவியும். முதலில் நான்கு மூலையிலும் வட்டத்துளை போட்டு, பிறகு துளைக்குத் துளை அறுக்க வேண்டும். பிளேடு மூலையைத் தாண்டி ஒரு கீறல் விட்டாலே போதும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். சிங்க்குக்கு முன்னால் இருக்கும் ஒடுங்கிய பட்டைதான் மேடையிலேயே பலவீனமான இடம். அதன்மேல் யாரும் ஏறி நிற்கக் கூடாது, அடியில் தாங்கு கட்டாயம். கீழே கட்டையோ அலமாரியோ மட்டம் தப்பி இடைவெளி இருந்தாலும் கல் உடையும். நிறம் கலந்த எபாக்ஸிப் பசையால் விரிசலை அடைக்கலாம், ஆனால் முதலில் தாங்கு கொடுங்கள். இல்லாவிட்டால் அடைத்த இடமே மறுபடி வாய் பிளக்கும்.

கேள்வி: வெள்ளை மார்பிள் ஆசை. சீலர் அடித்தால் சமாளிக்குமா?

பதில்: சமாளிக்காது. சீலர் கறை ஊறுவதைத்தான் தாமதப்படுத்தும். புளிப்பு பட்டு மங்குவது கறையல்ல, கல்லின் மேற்பரப்பே கரைவது. ஆசைக்கு அடுப்பு, சிங்க் பக்கம் வராத ஓரத்தில் ஒரு துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.